தேயாத சோப்பு

காலையில் முகம் கழுவக் கையில் எடுத்த சோப்பு, நேற்று வைத்ததைவிடக் கனமாக இருந்தது.

வேறு யாருக்கும் இது தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரியும். ஒரு லாட்ஜின் ஸ்டோர் ரூமில் சோப்பும் ஷாம்பூவும் டிஷ்யூ ரோலும் எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. பாட்டிலைத் தூக்கினாலே உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கை சொல்லிவிடும். அறைகளைச் சுத்தம் செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வரவில்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று அந்தச் சோப்பு நடுவில் மெலிந்து, அழுத்தினால் ஒடிந்துவிடும் போல இருந்தது. இப்போது ஓரங்கள் திரண்டிருந்தன. தேய்ந்து மறைந்துபோயிருந்த முத்திரையின் பாதி எழுத்து மறுபடி மேலே வந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. நெஞ்சில் தடவுகிற தைலம்.

"என்னங்க, புது சோப்பு எடுத்தீங்களா?"

கணவர் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். "நானா? உன் உத்தரவு இல்லாம இந்த வீட்ல அலமாரி கதவு திறக்குமா?"

அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்கக் கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டே வேலை செய்தாள்.

அந்த வீட்டில் தைலம் தடவிக்கொண்டது ஒரே ஒருத்திதான். அவளுடைய அக்கா. அக்காவும் அத்தானும் குடியிருந்த வீட்டில் சுவர் விரிசல் விட்டு, இடித்துக் கட்ட வேண்டியதாகிவிட்டது. "ரெண்டே வாரம்டி குட்டி, அப்பறம் நீ இருன்னாலும் இருக்க மாட்டோம்" என்று சிரித்தபடி பெட்டிகளோடு வந்து இறங்கினாள் அக்கா. ரெண்டு வாரம் போயிற்று. மாதங்கள் போயின. இருந்தார்கள். இருந்துகொண்டே இருந்தார்கள்.

அக்காவுக்கு எதையுமே கொஞ்சமாக எடுக்க வராது. ஒரு இருமலுக்கு ஒரு முழ டிஷ்யூ. கை கழுவ ஒரு அழுத்து போதாது, சோப்புத் திரவத்தை உள்ளங்கை வழிய எடுப்பாள். டீத்தூள், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் அள்ளித்தான். யாருமே இல்லாத அறையில் விளக்கு எரியும். மாசக் கடைசி வருவதற்குள் டப்பாக்கள் காலியாகித் தரை தட்டும். அந்தச் சத்தம் அவள் வயிற்றில் கேட்கும். கொஞ்சமாகக் கொடுக்கவும் அக்காவுக்கு வராது என்பது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. சின்ன வயதில் தன் தட்டில் இருந்ததையெல்லாம் வழித்து "எனக்குப் பசிக்கல குட்டி" என்று இவள் தட்டில் தள்ளியவள்தான். நினைவிருந்தது. ஆனால் டப்பாவின் அடி கண்ணில் படும்போது அந்த நினைவு எங்கோ போய் ஒளிந்துகொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே வெந்நீர். காலையில் அக்கா குளியலறைக்குள் போனால் வெளியே வர மாட்டாள். கதவின் அடிப்பக்கம் தண்ணீரில் ஊறி இற்றுப்போய் ஒரு சந்து விட்டிருக்கும். அது வழியாக ஆவி நடைபாதை வரைக்கும் வரும். "மூச்சடைக்குதுடி, ஆவி பட்டாத்தான் நெஞ்சு இளகுது" என்பாள். சொகுசுக்கு ஒரு சாக்கு என்று இவள் நினைத்தாள்.

ஹீட்டர் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, கதவை ஒட்டிய சுவரில் இருந்தது. போட்டால் சிவப்பு விளக்கு எரியும். ஒரு நாள், அக்கா உள்ளே போன கொஞ்ச நேரத்தில், அவள் சத்தமில்லாமல் அதை அணைத்தாள். உள்ளே தண்ணீர் சத்தம் நின்றது. அக்கா சீக்கிரம் வெளியே வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. அணைப்பாள், சுவிட்சில் விரலை வைத்தபடி அங்கேயே நிற்பாள், தண்ணீர் சத்தம் நின்றதும் சமையலறைக்குப் போய்விடுவாள்.

கடைசியாக அப்படி நின்ற காலை மட்டும் வேறு மாதிரி இருந்தது. வெளியே நல்ல குளிர். உள்ளேயிருந்து அக்கா கதவைத் தட்டினாள்.

"குட்டி... தண்ணி ஜில்லுனு வருதுடி. தலைல சோப்பு இருக்கு. சுவிட்சைக் கொஞ்சம் பாரேன்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அக்கா இன்னொரு தரம் கூப்பிட்டாள். பிறகு பச்சைத் தண்ணீர் தலையில் விழும் சத்தமும், ஒவ்வொரு சொம்புக்கும் இழுத்து வாங்கும் மூச்சும் கேட்டன. வெளியே வந்தபோது அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. "போதும்டி, இன்னிக்கு சீக்கிரம் முடிச்சுட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அந்த வாரமே, சிமெண்டு ஈரம் காயாத தங்கள் வீட்டுக்கே போய்விட்டார்கள். அங்கே காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் அழுத அழுகையைப் பார்த்து, தங்கச்சின்னா இப்படி இருக்கணும் என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டபோது செத்துப்போகலாம் போல இருந்தது.

சோப்பு வளர்ந்ததற்குப் பிறகு கேஸ் சிலிண்டர் தீராமல் எரிந்தது. "வீட்டுக்கு நல்ல நேரம் பொறந்துடுச்சு போல" என்றார் கணவர். சர்க்கரை டப்பா, எடுக்க எடுக்க, மறுநாள் கழுத்துவரை ஏறியிருந்தது. சொன்னால் வெட்கம், முதலில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நம் கணக்குதான் தப்பு என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தராசுக் கைக்குக் கணக்குத் தப்பாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

பிறகு நிறைவது நிற்கவில்லை. சோப்புத் திரவ பாட்டிலை அழுத்துவதற்கு முன்பே அது வழிந்தது. டீத்தூள் டப்பாவின் மூடி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே கை வைத்தால் தூள் வெதுவெதுப்பாக, ஈரமாக, யாரோ ரொம்ப நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தது போல இருந்தது. டிஷ்யூ ரோல் கை கொள்ளாத அளவுக்குப் பருத்து, ஒவ்வொரு சுற்றும் ஒருமுறை கசக்கி, மறுபடி நீவிச் சுற்றியதாக இருந்தது. ஷாம்பூ பாட்டிலின் வாயில், அக்காவுடையது போல நீளமாக ஒரு நரைமுடி. எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அலமாரியில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. லேபிள்கள் முன்பக்கம் பார்த்து, வரிசையாக. அக்கா ஒரு நாளும் அப்படி அடுக்கியதில்லை. அவள்தான் அப்படி அடுக்குவாள். அதற்காக அக்காவிடம் சத்தம் போட்டதும் அவள்தான்.

நடைபாதையில் சில சமயம் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். அடைத்த மூக்கால் விசில் அடிப்பது மாதிரி, மெல்லிசாக, இழுத்து இழுத்து. அவள் நின்றால் அதுவும் நிற்கும்.

கணவரிடம் சொல்ல வாயெடுப்பாள். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் சுவிட்ச் வரைக்கும் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கணவர் பல்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, அத்தானிடமிருந்து போன் வந்தது.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் அத்தான். நீங்க?"

"இருக்கேன். வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சுது. சுவரு இப்பதான் நல்லா காஞ்சிருக்கு. இப்ப காஞ்சு என்ன, சொல்லு. அவளுக்குக் கடைசி வரைக்கும் உன் வீட்டு நெனப்புதான். 'குட்டி வீட்ல எல்லாத்தையும் அள்ளி அள்ளி எடுத்துட்டேன், ஒண்ணு விடாம திருப்பி வெச்சுடணும்'னு ஜுரத்துல ஒரே பொலம்பல். உன் தங்கச்சி அதெல்லாம் மனசுல வெச்சுக்கவே மாட்டாடின்னு நான்தான் சொன்னேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உங்க வீட்டு ஹீட்டர் அப்ப ரிப்பேரா? பச்சத் தண்ணில குளிச்சீங்களான்னு டாக்டர் கேட்டாரு. ஹீட்டர் ரிப்பேருன்னு அவ சொல்லிட்டா. எனக்கு ஒரு நாளும் ஜில்லுனு வரலியே, அதான் கேட்டேன்."

நான்தான் அத்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அழுவார், திட்டுவார், போனை வைத்துவிடுவார். ஆனால் சொல்லியாகிவிடும். நடைபாதையில் அந்த மூச்சு கேட்டது. இழுத்தது. நின்றது. அதுவும் பதிலுக்குக் காத்திருந்தது.

"ஆமா அத்தான்," என்றாள். "ரிப்பேர்தான். அப்பறம் சரி பண்ணிட்டோம்."

"அதானே பார்த்தேன். சரிம்மா. உன்ன மாதிரி யாரு பாத்துப்பா."

போனை வைத்ததும் வீடு அமைதியாக இருந்தது. சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். எதுவும் வழியவில்லை. ஈரமில்லை. டப்பாக்கள் எல்லாம் கழுத்தளவு நிறைந்து, மூடி பொருந்தி, துடைத்து வைத்த மாதிரி இருந்தன. எடுத்ததெல்லாம் வைத்தாகிவிட்டது. முடிந்தது என்று நினைத்தாள். நினைத்தவுடன் எலும்புக்குள்ளிருந்து குளிர் வந்தது. சூடாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் தேவலை போலிருந்தது.

சுவிட்சைப் போட்டு, தண்ணீர் காயும்வரை பொறுத்திருந்தாள். முன்பக்கம் திறந்த லாட்ஜ் செருப்பை வழக்கம்போல் வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய்த் தாழிட்டாள். குழாயைத் திறந்ததும் ஆவி எழும்பியது. கதவுக்கு அடியில், ஈரத் தரையில் ஒரு சிவப்புக் கீற்று. இத்தனை வருஷத்தில் இதை அவள் கவனித்ததே இல்லை. சுவிட்சின் வெளிச்சம் சந்து வழியாக உள்ளே விழுகிறது.

தலையில் நுரை. கண்ணில் நுரை. தைல வாசனை.

டக்.

சிவப்புக் கீற்று இல்லை.

தண்ணீர் வெதுவெதுப்பானது. பிறகு பச்சைத் தண்ணீர். பிறகு, பல் கிட்டுகிற குளிர்.

"என்னங்க? வந்துட்டீங்களா?"

குழாயை மூடினாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் அமைதி. ஆள் இல்லாத அமைதி இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அமைதி. அவளுக்கு அது பழக்கம்தான். அந்தப் பக்கத்திலிருந்து பழக்கம்.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும். கை தானாக இறங்கிவிட்டது.

குனிந்தாள். கன்னம் ஈரத் தரையில் பட, சந்து வழியாகப் பார்த்தாள்.

லாட்ஜ் செருப்பு. அதற்குள் இரண்டு கால்கள். சுவிட்சின் நேர் கீழே, சேர்ந்து, அசையாமல். வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. ஸ்டோரில் சோப்புப் பெட்டி விழுந்து நசுங்கிக் கறுத்த அவளுடைய நகம்.

எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது!

அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு காலையும். சிவப்புக் கீற்று அணைவது, செருப்பு, இந்த நகம், எல்லாம். தெரிந்துதான் கூப்பிட்டாள். தெரிந்துதான் ரிப்பேர் என்று சொன்னாள்.

நெஞ்சு அடைத்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. அது அவளுடைய மூச்சு. எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. நெற்றியில் ஒட்டிய முடி கண்ணுக்கு முன்னால் தொங்கியது. நரைமுடி. தன் காலைக் குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கதவைத் தட்டினாள். வாய் திறந்தது. கணவரைத்தான் கூப்பிட நினைத்தாள்.

"குட்டி," என்றது அந்த வாய். "தண்ணி ஜில்லுனு வருதுடி. சுவிட்சைக் கொஞ்சம் பாரேன்."

கறுத்த நகம் அசையவில்லை.

வெளியே நிற்பவளுக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கும் நன்றாகத்தான் கேட்டது.