குறுக்கீடு இல்லை

மறுக்க வேண்டிய இடத்தில் கணினி 'சரி' என்றது.

நவமணி மறுபடியும் தட்டிப் பார்த்தாள். திரையின் பச்சை எழுத்துகள் ஒரு கணம் தயங்கின. பிறகு அதே 'சரி'.

பீடோர் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டிருந்த தோட்டத்தில், மூடிக்கிடந்த ரப்பர் ஆலையின் ஆபீஸ் அறை அது. அந்த எண்பத்தேழாம் ஆண்டில் ஈப்போவிலேயே பலர் கண்ணால் பார்த்திராத புதுக் கணினியை அன்று காலைதான் வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். மூலையில் தூசி படிந்து நின்றது பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி. டிரையரை, அதாவது ரப்பரைக் காயவைக்கும் பெரிய இரும்பு அறையை, ஒரு காலத்தில் இயக்கியது அதுதான். தெலுக் இந்தானில் தோட்டக் கம்பெனி கட்டும் புது ஆலைக்கும் அதே முறை வேண்டுமாம். அதனால் புதுக் கணினியைப் பழைய பெட்டி போலவே நடந்துகொள்ள வைக்கும் புரோகிராம் ஒன்றை அவள் எழுதியிருந்தாள். பெட்டியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் பாக்கி.

பெட்டிக்குள் அதன் மூளையாக இரண்டு வகை புராசஸர் போட முடியும். ஒன்று குறுக்கீட்டைக் கேட்கும். டிரையருக்குள் மாட்டிக்கொண்டவர் அவசரக் கயிற்றை இழுத்தால், செய்துகொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டுச் சூட்டை நிறுத்தும். மலிவான மற்றதற்கு அந்தக் காது கிடையாது. புரோகிராமைத் தொடங்குகிறவர் எந்த வகை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். காதில்லாததைத் தேர்ந்தெடுத்தால் புரோகிராம் ஒப்புக்கொள்ளக் கூடாது. கம்பெனி இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தது.

அதைத்தான் அது இப்போது ஒப்புக்கொண்டிருந்தது.

வெளியே மழை கட்டிக்கொண்டு வந்தது. மூன்று மணிதான் இருக்கும், ஆனாலும் செம்பனை வரிசைகளுக்கிடையே வெளிச்சம் வற்றிப்போய், அறைக்குள் திரையின் பச்சை மட்டும் சுவரில் ஈரம்போலப் படர்ந்து நின்றது. தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தபோது ஆலையைக் காவல் காக்கும் ஜாகா சன்னாசி கோப்பியோடு உள்ளே வந்தார்.

"குடிம்மா. ஆறிப்போயிரும்லா."

"அண்ணே, இந்தக் கயித்து விஷயத்துல கம்பெனிக்கு ஏன் இவ்ளோ பயம்?"

சன்னாசி திரும்பினார். கதவு வழியாக ஆலைக்கூடத்தின் இருட்டைப் பார்த்தார்.

"மங்களம்னு ஒருத்தி. என் வீட்டுக்காரி. டிரையருக்குள்ள தட்டு சிக்கிக்கிச்சுன்னு எடுக்கப் போனா. கதவு சாத்திக்கிச்சு. கயித்த இழுத்திருக்கா. கை தோலு உரியற வரைக்கும் இழுத்திருக்கா." கோப்பையை மேசையில் வைத்தார். "மிஷின் ரோசாக் ஆச்சு, ஓடலன்னு அதுக்கு முன்னாடிதான் வந்து செஞ்சுட்டுப் போனானுங்க. என்னத்தையோ மாத்தி அமுக்கிட்டானுங்க. மிஷினும் சரின்னு எடுத்துக்கிச்சு. அவ கூப்பிட்டது அதுக்குக் கேக்கல."

"நீங்க ஏன் இன்னும் இங்கேயே இருக்கீங்க அண்ணே?"

"வேற யாரும்மா இருப்பா அவளுக்கு?"

அவர் போன பிறகு நவமணி தான் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிழை இல்லை. இல்லாத புராசஸர் பெயர்களைக் கொடுத்தாள், மறுத்தது. பொருந்தாத நினைவக அளவைக் கொடுத்தாள், மறுத்தது. வெறும் எழுத்துக் குப்பையைக் கொடுத்தாள், அதையும் மறுத்தது. அந்த ஒரு தேர்வை மட்டும், காதில்லாத அந்த ஒன்றை மட்டும், பசித்தவன் சோற்றை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டது.

பிறகு, அவள் எதையும் தட்டாமலே, ஓடத் தொடங்கியது.

கதவு மூடியது, என்றது திரை. சூடு ஏறுகிறது.

நவமணி கணினியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மின்சார வயரைத் தவிர வேறு எந்த வயரும் இல்லை. டிரையரின் பர்னரைக் கழற்றி எப்போதோ விற்றுவிட்டார்கள். காலையில் அவளே கூடத்துக்குள் போய்ப் பார்த்தாள். துருப்பிடித்த இரும்பு அறை, உள்ளே வௌவால் எச்சம், அவ்வளவுதான்.

முதலில் வந்தது வாசனை. புளித்த ரப்பர் பாலின் வாடை, அதற்கடியில் அமிலத்தின் காரம், அதற்கும் அடியில், மழையின் மண்வாசனையை மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டு, முடி கருகும் நாற்றம். பிறகு சத்தம். கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தும் அது தனியாகக் கேட்டது. கூடத்தின் கடைசியில், காய்ந்த கப்பி ஒன்றில் கயிறு உராயும் கிறீச். நின்றது. மறுபடியும் கிறீச்.

திரையில் ஒரு வரி.

கயிறு இழுக்கப்பட்டது. ஏற்கப்படவில்லை.

கிறீச்.

கயிறு இழுக்கப்பட்டது. ஏற்கப்படவில்லை.

வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. நவமணி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து வாசலுக்கு வந்தாள். சன்னாசி ஏற்கெனவே கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அண்ணே, போகாதீங்க."

"கூப்பிடறாம்மா."

"அண்ணே, அது மங்களம் அக்கா இல்ல! அது..." என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

"அன்னிக்கு எனக்குக் கேக்கல. இன்னிக்குக் கேக்குதுலா."

அவர் நடந்தார். இருட்டில் இரும்புக் கதவு முனகித் திறந்தது. பிறகு சாத்தும் சத்தம். கூடம் முழுவதும் அதிர்ந்தது.

நவமணி கணினியிடம் ஓடினாள். காதுள்ள புராசஸரைக் கொடுத்துவிட்டால் போதும். கேட்கும். கேட்டால் நிறுத்தும். சரியான தேர்வைத் தட்டினாள்.

இந்தத் தேர்வு செல்லாது, என்றது திரை.

மறுபடியும் தட்டினாள்.

இந்தத் தேர்வு செல்லாது.

கிறீச். கிறீச். இப்போது இன்னும் வேகமாக. இரண்டு பேர் இழுப்பதுபோல.

மின்சார வயரைப் பிடுங்கி எறிந்தாள். திரை அணைந்தது. கூடத்தில் சத்தம் நிற்கவில்லை.

ஓடினாள். இருட்டில் முழங்கால் எதிலோ மோதியது. டிரையரின் கதவிலிருந்து அனல் அடித்தது. உள்ளிருந்து தட்டும் சத்தம். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பிடியைப் பற்றினாள். துணி பொசுங்கியது. ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். நகரவில்லை. கத்திக்கொண்டே இழுத்தாள்.

கதவு திறந்தது. முழுசாக, சுவரில் மோதும்வரை திறந்தது.

சன்னாசி அவளுக்கு நேர் எதிரே நின்றிருந்தார்.

"வாங்கண்ணே! வெளிய வாங்க!"

அவர் வரவில்லை. அவர் கண்கள் அவள்மீதுதான் இருந்தன. அவளைப் பார்க்கவில்லை. வாய் அகலத் திறந்து கத்தினார். சத்தம் வரவில்லை. முஷ்டியை ஓங்கி, கதவே இல்லாத வெறும் வாசலில் அடித்தார்.

இரும்பு அதிர்ந்தது.

நவமணி கையை நீட்டினாள். கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் விரல்கள் கொதிக்கும் இரும்பைத் தொட்டன. தோல் அதில் ஒட்டிக்கொண்டது.

சன்னாசி அடித்தார். மறுபடியும் அடித்தார். அவர் தோளுக்குப் பின்னால், இருட்டிலிருந்து, உள்ளங்கை உரிந்த இரண்டு கைகள் மெதுவாக முன்னே வந்தன. அவர் கைகளுக்குப் பக்கத்தில் அவையும் அந்த வெறும் காற்றைத் தட்டத் தொடங்கின.