சாரம் கரையும்வரை

"என் வயித்துக்குள்ள பஞ்சையா வைக்கப் போற?"

"பஞ்சு இல்லீங்க, சாரம். கட்டடம் எழும்பற வரைக்கும் சுத்திக் கட்டி நிறுத்துவாங்களே, அது மாதிரி. இன்சுலின் சுரக்கிற செல்லெல்லாம் அதுல குடியேறி நல்லா ஊன்றிக்கும். அப்புறம் சாரம் தானா கரைஞ்சு போயிடும்."

"வாடகை யாரு வசூல் பண்றது?"

"வீட்டுக்காரர் நீங்கதானே! பேசாம படுங்க."

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சிரித்துக்கொண்டே பேசியது. திரை இழுத்து மூடிய மதிய வேளையில் கணவனின் பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு அது நினைவுக்கு வந்தது. அவன் வயிற்றின்மேல் அவள் வைத்திருந்த கை வியர்த்திருந்தது. எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

சாரம் என்று அவள் சொன்ன, நாணயத்தளவு இருந்த அந்தப் பாலிமர் வில்லையை ஆய்வகத்தில் வார்த்தவளே அவள்தான். ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள அதில் ஒரு மருந்தை ஊற வைப்பார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் அதை இரண்டு மடங்காக ஊற்றினாள். பசியோடு வந்தவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பதுபோல. அவள் புருஷனாயிற்றே!

அவன் தேறித்தான் வந்தான். கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. அவளுக்குத்தான் தினமும் எழும்போது கை மரத்துப்போயிருந்தது, தலை சுற்றியது. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டாள்.

மின்விசிறியின் சத்தத்துக்குக் கீழே, ஈரத் துணியை நூல் நூலாகப் பிரிப்பதுபோல இன்னொரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. போர்வைக்குள்ளிருந்து துருப்பிடித்த இரும்பின் வாடை வந்தது. மறு கையால் போர்வையை விலக்கினாள்.

தையல் பிரிந்திருந்தது. பிளந்த இடத்திலிருந்து மயிரிழை போன்ற சிவந்த குழாய்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி அவள் உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தன. துடித்தன. அவளுடைய நாடித் துடிப்போடு.

"ஏங்க… ஏங்க, எழுந்திருங்க!"

அவன் அசையவில்லை. இழுத்தாள். அவன் வயிற்றுத் தோல் கூடாரம்போல் எழும்பி வந்தது. வலி அவள் தோள்வரை ஏறியது.

பக்கத்து மேசையில் பழம் நறுக்கிய கத்தி இருந்தது. எட்டி எடுத்தாள். அறுத்தாள். ரத்தம் அவள் கண்ணில் தெறித்தது. யாருடையது? அறுந்த முனைகள் புழுக்கள்போல் நெளிந்து, தேடி, மறுபடி அவள் மணிக்கட்டைக் கவ்வின.

மறுபடி அறுத்தாள். அவன் வயிறு கிழிந்தது. வில்லை தெரிந்தது. கரையவே இல்லை. உள்ளங்கையளவு வளர்ந்து, ஊறி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. கத்தியைத் தன் கையின் பக்கம் திருப்பினாள். தோல். சதை. பல்லைக் கடித்தாள். இன்னும் கொஞ்சம்தான். இரண்டு விரல்கள் விடுபட்டன.

அவன் கண் திறந்தான்.

காய்ச்சலில் கிடந்தால்கூட ஒரு வாய் தண்ணீர் கேட்காதவன் அவன். நெஞ்சில் இருப்பது தொண்டைவரை வரும், விழுங்கிவிடுவான். ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்கமாட்டானா என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏங்கியிருக்கிறாள்.

அவன் கை அவள் பிடரியைப் பற்றியது. அழுத்தியது. கீழே. இன்னும் கீழே. பிளந்த வயிற்றிலிருந்து சிவந்த முனைகள் அவள் கன்னத்தை நோக்கி மெல்ல நிமிர்ந்தன.

"போகாதடி," என்றான் அவன், ரொம்ப அன்பாக. "என்கூடவே இரு."