கண் கட்டினால் கேட்கும் குரல்

கறுப்புத் துணி ஈரமாக இருந்தது.

மழை ஈரமில்லை. கண்கள் வரும் இடத்தில் மட்டும், இரண்டு வட்டங்களாக, வெதுவெதுப்பாக. யாரோ இப்போதுதான் அதற்குள் அழுதுவிட்டுக் கழற்றிக் கொடுத்ததைப் போல. ரெத்னோ அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்னம்மா, கல்யாணத்துக்குத் துணி எடுக்கறவ மாதிரி தடவிப் பாத்துக்கிட்டே இருக்கே?" என்றாள் கண் கட்டும் துணியை வாடகைக்கு விடும் முஜி அக்கா.

"ஈரமா இருக்குக்கா."

"ஈரமா? இன்னிக்கு அதை இன்னும் ஒருத்தருக்கும் தரலையே. காலைலேர்ந்து வெயில்ல கிடந்த துணி அது. உன் கைதான் வேர்த்திருக்கும்."

ரெத்னோ கையை விரித்துப் பார்த்தாள். அவள் உள்ளங்கை உலர்ந்துதான் இருந்தது.

யோக்யகர்த்தா நகருக்குச் சுற்றிப் பார்க்க வருகிற எல்லோரும் செய்கிற காரியங்கள்தான் இவை. காலையில் அரண்மனை. மதியம் பலாக்காய்க் கூட்டும் சோறும். பிறகு கடைத்தெருவில் மெழுகு வைத்துச் சாயம் போட்ட பாத்திக் துணி. பொழுது சாய்ந்ததும் தெற்குத் திடல். திடலின் நடுவில் இரண்டு ஆலமரங்கள் நிற்கின்றன. கண்ணைக் கட்டிக்கொண்டு அவற்றுக்கு நடுவே நேராக நடந்து போய்விட்டால் மனதில் நினைத்தது நடக்கும் என்பார்கள். பெரும்பாலும் யாரும் நேராகப் போவதில்லை. கூட வந்தவர்கள் இடம், வலம் என்று வேண்டுமென்றே மாற்றிக் கூவுவார்கள், நடப்பவர் கோணலாகப் போய் மரத்தைச் சுற்றிக் கட்டிய மதிலில் முட்டிக்கொள்வார், எல்லோரும் சிரிப்பார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ரெத்னோவும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு நடந்தாள். ஆறு வயது டானு பக்கத்திலேயே ஓடிவந்து, "இடது பக்கம்மா! இன்னும் இடது பக்கம்!" என்று கூவினான். ஏமாற்றுகிறான் என்று தெரிந்தேதான் அவன் சொன்ன பக்கம் போனாள். துணியைக் கழற்றியபோது டானு இல்லை.

போலீஸ் தேடியது. பேப்பரில் படம் வந்தது. டானு வரவில்லை.

அதற்குப் பிறகு வருடா வருடம் அதே நாளில் அவளும் கணவன் ஹர்யோவும் இந்த ஊருக்கு வருகிறார்கள். அதே அரண்மனை. பாதியிலேயே ஒதுக்கி வைக்கும் அதே சோறு. ஆறு வயதுப் பையனுக்கு அளவான ஒரு பாத்திக் சட்டை. கடைசியில் இந்தத் திடல். போன இரண்டு தடவையும் துணியைக் கட்டிக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இதுதான் கடைசி தடவை, ரெத்னோ," என்றான் ஹர்யோ. "என்னால இதுக்கு மேல முடியல."

"சரிங்க."

"நான் இங்கேயே நிக்கறேன். நீ நட. நான் வாயே திறக்க மாட்டேன்."

அவன்தான் முடிச்சுப் போட்டான். அவன் அவசரமாக இரண்டு தடவை இழுத்து இறுக்குவது அவள் பின்மண்டையில் தெரிந்தது. இமைகளின் மேல் அந்த வெதுவெதுப்பான ஈரம் வந்து ஒட்டிக்கொண்டது.

நடந்தாள். கலர் விளக்குகள் சுற்றிய மிதிவண்டிக் கார்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு திடலைச் சுற்றிவரும் சத்தமும், தணலில் வாட்டும் சோளத்தின் வெண்ணெய் வாசனையும், எங்கோ கொதிக்கும் இஞ்சிச் சாற்றின் காரமும், ஒருவரையொருவர் ஏமாற்றிக் கூவும் இளவட்டங்களின் சிரிப்பும் அவளைச் சுற்றிலும் இருந்தன. புல் செருப்புக்கடியில் மெத்தென்று அழுந்தியது. இன்னும் கொஞ்ச தூரம். டானு வேண்டும். டானு வேண்டும்.

முதலில் சோள வாசனை போயிற்று. காற்று திரும்பியிருக்கும் என்று நினைத்தாள். பிறகு பாட்டு தேய்ந்தது. யாரோ பொறுமையாகக் கதவைச் சாத்துவது போல, சிரிப்பும் தேய்ந்தது. ஈர மண், மக்கிய இலை வாசனை வந்தது. முகத்தில் ஏதோ உரசியது. விழுது.

காலடியில் புல் இல்லை. வேர்.

மரத்தைச் சுற்றி மதில் இருக்கிறது. மதிலைத் தாண்டாமல் வேரில் கால் படாது. அவள் எதையும் தாண்டவில்லை.

நின்றாள்.

"இடது பக்கம்மா."

அவள் இடுப்பு உயரத்திலிருந்து வந்தது அந்தக் குரல்.

"டானு?"

குளிர்ந்த சின்னக் கை அவள் கைக்குள் நுழைந்தது. இந்நேரம் ஒன்பது வயதாகியிருக்க வேண்டும். கை வளரவே இல்லை.

"எங்கடா கண்ணு போயிட்டே?"

"நான் எங்கேயும் போகல. இங்கேயேதான் நின்னுக்கிட்டு கூப்பிட்டேன். நீதான் துணியைக் கழட்டிட்டே. கழட்டிட்டா கேக்காதும்மா. கண்ணைக் கட்டினவங்களுக்கு மட்டும்தான் கேக்கும்."

துணிக்குள் கண்ணீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது.

"தினமும் நிறைய பேர் கட்டிக்கிட்டு வருவாங்க," என்றான். "நீயான்னு பாக்க எல்லாரையும் கூப்பிடுவேன். ஒருத்தரும் நீ இல்ல."

வெகு தூரத்திலிருந்து, கிணற்றுக்கு மேலிருந்து கூப்பிடுவது போல, ஹர்யோவின் குரல் வந்தது. "ரெத்னோ! துணியைக் கழட்டு! ரெத்னோ!"

கழற்றினால் வெளியே போய்விடலாம். கழற்றினால் இந்தக் குரல் கேட்காது.

அவள் டானுவின் இன்னொரு கையையும் தேடிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் நெஞ்சோடு அணைத்தாள். "இனிமே கழட்ட மாட்டேன்டா. மாட்டேன்."

அப்போது அவள் பின்மண்டையில் முடிச்சு அவிழ்ந்தது.

இரண்டு சின்னக் கைகளும் அவள் கைகளுக்குள்தான் இருந்தன. பின்னால் இருந்த விரல்கள் நீளமானவை. அவசரப்படாதவை.

துணி நழுவியது.

எங்கும் விழுதுகள். அவற்றுக்கு அப்பால், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல, திடல். விளக்குகள் சுழன்றன. சத்தம் இல்லை. ஹர்யோ மதிலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். முஜி அக்கா டார்ச் அடித்தாள். அந்த வெளிச்சம் ரெத்னோவின் முகத்தில் நின்று, ஒன்றும் காணாமல் நகர்ந்து போயிற்று.

"என்னங்க! இங்கே!"

கையெட்டும் தூரத்தில் அவளைக் கடந்து ஓடினான். திரும்பவில்லை.

பிறகு புல்லில் கிடந்த கறுப்புத் துணியைப் பார்த்தான். குனிந்து எடுத்தான். கண்கள் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு ஈர வட்டங்கள். முஜி அக்கா ஏதோ சொல்லித் தடுத்தாள். அவளை விலக்கிவிட்டு, துணியை மெதுவாகத் தன் கண்களில் வைத்துக் கட்டிக்கொண்டான்.

"அப்பா வரப் போறாரு!" டானு குதித்தான்.

ஒரே ஒரு நொடி அவளுக்கும் ஆசையாக இருந்தது. மூன்று பேரும் ஒன்றாக.

அப்போதுதான் தன் கைக்குள் இருந்த விரல்களை அவள் கட்டைவிரல் தடவியது.

நகம் இல்லை. ஒரு விரலிலும் இல்லை.

அவன் வாயைப் பொத்தினாள். "கூப்பிடாதே. அப்பாவைக் கூப்பிடாதே!" இறுக்கிப் பொத்தினாள். உள்ளங்கையில் மூச்சுப் படவில்லை. அவன் திமிறவும் இல்லை. அவளைத் தாண்டி, அவள் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தான்.

மேலே, விழுதுகளுக்குள்ளிருந்து, கனிவாக, கொஞ்சம் சிரிப்போடு அந்த அழைப்பு வந்தது.

"என்னங்க... இடது பக்கம். இன்னும் இடது பக்கம்."

ரெத்னோவின் குரல். அவள் உதடுகள் மூடியே இருந்தன.

ஹர்யோ நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். கறுப்புத் துணிக்குக் கீழே, மூன்று வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, அவன் முகத்தில் சிரிப்பு பரவியது.

இடது காலை எடுத்து வைத்தான்.