குதிரைக்குக் குரல் கொடுத்தவன்

டப்பிங் ஸ்டுடியோவின் கதவைத் திறந்த வேகத்தில் அவள் கையிலிருந்த வசனத் தாள்கள் மொத்தமும் ஈரத் தரையில்... எதிரே மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன். குனிந்து பொறுக்கிக் கொடுத்தான். பெரிய கண்கள். இமையோரம் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"நீங்கதான் குதிரையா?"

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்," என்றான்.

பிரெஞ்சுச் சித்திரக்கதையிலிருந்து எடுத்த கௌபாய் கார்ட்டூன் படம். தமிழ் வசனம் அவளுடையது, அதுவும் முதல் படம். குதிரைக்குக் குரல் கொடுப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, அவருக்குப் பதிலாக வந்தவன் இவன். ஆறு மணிக்குள் குதிரை பேசி முடிக்காவிட்டால் அடுத்த படம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

குதிரையோ முடிக்கிற வழியாக இல்லை.

"மேடம், குதிரை வாயை மூடிடுச்சு. உங்க வசனம் இன்னும் ஓடிட்டிருக்கு."

"வேகமாப் பேசுங்க."

"குதிரை வேகமா ஓடும் மேடம். பேசுமா?"

சவுண்ட் இன்ஜினியர் அண்ணன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வரி... ஒரு சொல்லைக்கூட எடுக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டாள். பதினோரு டேக் வீணாய்ப் போயின.

மணி ஐந்தரை. கண்ணாடிக்கு அப்பால் அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"திமிர் பிடிச்ச ஆளுண்ணே," என்று பொரிந்து தள்ளினாள். "இதுல அந்தக் கண்ணு வேற... நிமிர்ந்து பார்த்தா நான் எழுதினது எனக்கே மறந்துபோகுது. வரி நீளம்தான், அவர் சொல்றது சரிதான். அதை அவர்கிட்டப் போய் ஒத்துக்கணுமே, அதான் உயிர் போகுது."

அண்ணன் அவள் முழங்கையைக் காட்டினார். உள் அறைக்குப் பேசுகிற பொத்தானை அது நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது.

ஐயோ... அவளுக்கு முகம் வேர்த்துவிட்டது. உள்ளே அவன் ஹெட்போனைக் கழற்றவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

இனி எந்த மானத்தைக் காப்பாற்ற? பேனாவை எடுத்து இரண்டு சொற்களை அடித்தாள். "இப்போ பேசுங்க."

பன்னிரண்டாவது டேக் கச்சிதமாக உட்கார்ந்தது. மிச்ச வரிகளும் மளமளவென்று முடிந்தன. மணி ஆறாக நாலு நிமிடம் இருந்தது.

"மேடம்..." ஸ்பீக்கரில் அவன் குரல் நிதானமாக வந்தது. "இது குதிரை பேசறதில்ல, நான் பேசறேன். சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்பணும்னுதான் நினைச்சேன். இப்போ கிளம்ப மனசு வரல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் பல்லைக் கடித்தாள். சொல்வதையும் எத்தனை பொறுமையாகச் சொல்லித் தொலைக்கிறான் இந்த மனுஷன்.

"அண்ணே, ரெக்கார்டிங் ஓடுதா?"

"ஓடுதும்மா."

"நிறுத்தாதீங்க."

இந்த முறை விரலால், தெரிந்தே அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

"எனக்கும்தான். இன்னொரு டேக் மட்டும் கேக்காதீங்க... திரும்பச் சொல்ல எனக்குத் தைரியம் வராது."