பாதி முகம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் கிளம்பியதிலிருந்து எதிர்வரிசைப் பெண் ஒருத்தி கையிலிருந்த செல்போனையும் கார்த்திகாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பொருட்படுத்த கார்த்திகாவுக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் பகலெல்லாம் காத்திருந்த அலுப்பு. மடியில், காய்ச்சல் மருந்தின் அசதியில் துவண்டு தூங்கும் மகள் விஜி. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்த வானமும், ஈரமண் வாசனையும், டீசல் புகையும் வேறு யாருக்கோ நடப்பவைபோல ஜன்னலைக் கடந்துபோயின.

பின்சீட்டில் ஒரு போன் ஒலித்தது. உடனே இன்னொன்று.

ராஜபாளையத்தில் அவள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. போன வருஷம் விஜி டெங்குவில் கிடந்தபோது, அதில் போட்ட செய்தியைப் பார்த்துத்தான் முன்பின் தெரியாதவர்கள் ஓடிவந்து ரத்தம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அதில் எது வந்தாலும் கார்த்திகா நம்புவாள். இன்று மத்தியானம்கூட, ‘பிள்ளை பிடிப்பவள், மருந்து கொடுத்து மயக்கித் தூக்கிப் போகிறாள், எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று வந்ததை, படம் திறக்கும்வரை காத்திராமல் தெரிந்த குழுக்களுக்கெல்லாம் தள்ளிவிட்டிருந்தாள்.

இப்போது திறந்தாள்.

பெஞ்ச். பச்சைச் சேலை. தோளில் சரிந்து கிடக்கும் பிள்ளை. பக்கவாட்டில் எடுத்த பாதி முகம்.

அவள்தான்.

பயம் வரவில்லை. அழித்தாள். அவள் அனுப்பியது மட்டும் அழிந்தது. பின்னால் இன்னொரு போன் ஒலித்தது.

“ஏம்மா, பிள்ளை யாருது?” எதிர்வரிசைக்காரி கேட்டாள்.

“எம் பிள்ளைதான்க்கா.”

“பொறவு ஏன் கண்ணு முழிக்க மாட்டேங்கு?”

“காய்ச்சல். மருந்து குடுத்திருக்கு.”

யாரோ கண்டக்டரின் விசிலைப் பிடுங்கி ஊதினார்கள்.

பஸ் நின்றது. ஊரே இல்லாத இடம். அங்கே ஏற்கெனவே, கையில் செல்போனோடு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

எதிர்வரிசைக்காரி விஜியை உலுக்கினாள். “பாப்பா, இது உங்கம்மாவா? பயப்படாம சொல்லு.”

விஜி கண் திறந்தாள். செல்போன் வெளிச்சங்கள். அவற்றுக்குப் பின்னால் முகங்கள். உதடு பிதுங்கியது.

“சொல்லு விஜி.” கார்த்திகாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பிள்ளை வீறிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்கத்தில் நீண்டிருந்த கைக்குத் தாவியது. எதிர்வரிசைக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மடி காலியானது.

ஆட்கள் படியேறினார்கள். ஒருவரும் கத்தவில்லை. அவர்கள் கடந்துபோக, இருபக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.