ஒத்திகையில் அவள் சொன்னது

கருணாகரன் மனோராவைப் பயண வழியிலிருந்து நீக்கியபோது அவர் மனைவி நாயகி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவரில் ஒளிர்ந்த வழிப்படத்தில் அந்தக் கடலோரக் கோபுரம் மங்கி மறைந்தது. மறுநாள் கோடியக்கரையைக் காணோம். அதற்குப் பிறகு கடலே இல்லை.

"ஏங்க, கடல் இல்லாம என்ன கடற்கரைப் பயணம்?"

"அங்க வெயில் ஜாஸ்தி."

"மார்கழியிலயா?"

அவர் நெற்றியில் ஒத்திகைக் கவசம் அழுத்திய தடம் சிவந்திருந்தது.

வாசலில் உருளகம் நின்றது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் கொண்ட, தானே ஓடும் வீடு. பாதி வழியில் அதை அப்படியே விட்டுவிட்டு ஆளுக்கொரு பேருந்தில் ஊர் திரும்பும் தம்பதிகள் பெருகிவிட்டதால், புறப்படும் முன் வீட்டில் ஒருவராவது ஒத்திகை பார்த்தாக வேண்டும் என்று வாடகை நிறுவனம் விதி வைத்திருந்தது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கும் செவிப்பேழை பல வருடப் பேச்சைச் சேமித்து வைத்திருக்கும். கவசம் அதிலிருந்து அந்தப் பயணத்தை, புறப்படும் முன் வீட்டில் நடக்கும் பேச்சு முதல், நெய்து தரும். யார் எங்கே முகம் சுளிப்பார்கள், யார் என்ன சொல்வார்கள் என்பது உட்பட. போட்டுக்கொண்டவர் ஒரு மணி நேரத்தில் பத்து நாளையும் வாழ்ந்துவிடுவார்.

நாயகி போட்டுக்கொள்ள மறுத்துவிட்டாள். கடலைக் கடலிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கல்யாணம், கருமாதி தவிர வேறெதற்கும் அவள் தஞ்சாவூரைத் தாண்டியதில்லை. சும்மா போவது, சும்மா நிற்பது என்பதை அவள் ஒரு உணவைப்போல நினைத்துப் பசித்திருந்தாள்.

வாரக் கடைசியில் திருமயம் கோட்டையும் மறைந்தது. அந்த இடத்தில் பட்டுக்கோட்டை முளைத்தது. அவருடைய அக்கா வீடு. பிறகு காரைக்குடியில் அவரது பழைய அலுவலக நண்பர், புதுக்கோட்டையில் சித்தப்பா மகன்.

"இது ஊர் சுத்திப் பாக்கற பயணமா, பத்திரிகை வைக்கப் போறமா?" என்றாள் அவள், சிரிப்பும் எரிச்சலுமாக.

"சும்மா உக்காந்தா நீ பேசிடுற."

"நான் என்ன பேசுறேன்?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மனோரா மேல நிக்கிறோம். நல்ல காத்து. நீ சந்தோஷமாத்தான் இருக்க. அப்ப சொல்ற, 'இங்க நான் தனியா வந்திருக்கலாம்'னு."

"நான் அப்படிச் சொல்லவே இல்லியே!"

"சொல்லுவ. மனோராவ எடுத்தேன். கோடியக்கரையில பறவைங்களப் பாத்துக்கிட்டே சொன்ன. கடலையே எடுத்தேன். திருமயத்துல சொன்ன. கோவமாக்கூட இல்ல நாயகி, சிரிச்சுக்கிட்டே சொல்ற. வேலையில்லாம கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும், சொல்லிடுற. எங்க அக்கா வீட்ல மட்டும்தான் சொல்லல."

"அங்க நான் சமையக்கட்டுல இருந்திருப்பேன்."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அந்த வாக்கியம் அவளுக்குள் நேராகப் போய், தனக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்துவிட்டது. இதுவரை அவள் அதை நினைத்ததில்லை. நினைத்திருந்தால் அதை மறைக்கவாவது செய்திருப்பாள். ஒரு கோபுரத்தின் உச்சியில், உப்புக்காற்றில், தானாக அவளிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டியது அது. அவளுடையதாக இருந்திருக்கும். இப்போது அவர் பலமுறை கேட்டு, அழுது, பழகிப்போன பிறகு அவள் கைக்கு வந்திருக்கிறது.

"நீ தனியாவே போயிட்டு வா," என்றார் அவர். "எனக்கு வருத்தமில்ல. நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியும்."

குரல் கனிந்திருந்தது. எங்கும் தடுமாறவில்லை. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் தொண்டையைச் செருமுகிற மனிதர் அவர். மேசைமேல் அவருடைய வலது கை உள்ளங்கை தெரிய மலர்ந்து கிடந்தது. அந்தக் கையை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. அவளுடைய கண் நிறைந்தது. அப்போதுதான் தன் கை மேசையில் பாதித் தூரம் நகர்ந்திருப்பதைக் கவனித்தாள்.

"இதுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"ஒத்திகையில. நீங்க இதையே சொல்லிப் பாத்தப்ப."

அவர் வாயைத் திறந்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

நாயகி கையை இழுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். காலடியை அறிந்து உருளகம் கதவைத் திறந்தது. மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. அதன்மேல் உட்கார்ந்தாள்.

"எங்க போகணும்மா?" என்று கேட்டது வண்டி.

கோடியக்கரை என்று சொல்ல நினைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒருத்தி பறவைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனோராவின் உச்சியிலும் அவள்தான் நின்றாள், புடவை காற்றில் படபடக்க. போகிற இடமெல்லாம் அந்த ஒத்திகை நாயகி முந்திக்கொண்டு போய், சொல்ல வேண்டியதைச் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்திருந்தாள். இவள் இனிமேல் போனால், கொடுத்த அனுமதியில் போய் வருகிறவள். போகாவிட்டால், அவர் கணக்குப் போட்டபடி போகாதவள். இரண்டுக்கும் வெளியே ஒரு ஊரின் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வண்டி பொறுமையாக மறுபடியும் கேட்டது. அவள் இறங்கினாள்.

உள்ளே மேசைமேல் இரண்டு டம்ளர் காபி இருந்தது. இரண்டிலும் ஆவி பறந்தது. சற்று முன்புதான் ஆற்றி வைத்திருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அடுப்பைப் பற்றவைத்து அவள் பார்த்ததில்லை. எதிர் நாற்காலி, அவள் உட்காருவதற்கு வாகாக, கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடப்பட்டிருந்தது.

உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். டிகாக்ஷன் தூக்கலாக, சர்க்கரை அரைக் கரண்டி. எல்லோருக்கும் கொடுத்த பிறகு தனக்கென்று கடைசியாகக் கலந்துகொள்வாளே, அதே காபி. அவள் அதை எப்படிக் குடிப்பாள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அவள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இப்படித்தான் குடிப்பேன்னு திருமயத்துல சொன்னியே," என்றார் அவர்.