தொட்ட காய்

சென்னகிருஷ்ணனின் முதல் சிப்பாய் வெட்டுப்பட்டதும் லட்சுமணசாமி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். வேடிக்கை பார்க்கிறவர்கள் இடம் மாறுவது சகஜம்தான். ஆனால் பத்து வருஷமாகச் சென்னகிருஷ்ணனின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று பழகிய மனுஷர், இன்று எதிராளியின் நாற்காலிக்குப் பின்னால் போய் அவனை முறைத்தது சுருக்கென்று தைத்தது.

எதிராளி பாலுசாமி செஸ் கிளப்புக்குப் புதுசு. அந்தியூர்ப் பக்கமாம். போத்தனூர் ரயில் ஒவ்வொன்றும் கடக்கும்போது அந்த மாடி அறையின் ஜன்னல்கள் கடகடக்க, மழைக்கு முந்திய சாயங்காலப் புழுக்கத்தில் அந்த ஆளின் சட்டையிலிருந்து கிணற்றுச் சேறுபோல ஒரு வாடை எழுந்து எழுந்து சென்னகிருஷ்ணனின் தொண்டையில் அடைத்தது.

குதிரை போயிற்று. பின்னால் நின்ற பிரகாசமும் ஓசை எழும்பாத காலடியோடு அந்தப் பக்கம் போனார்.

"அண்ணா, அங்க ஏனுங்க நிக்கறீங்க?"

பிரகாசம் இமைக்கவில்லை. பாலுசாமிதான் பேசினார்.

"அவிய இனி என்ற பக்கமுங்க. நீங்க ஆடுங்க."

யானை போயிற்று. இன்னும் ஒருவர் போனார். மற்ற காய்கள் விழ விழ, மிச்சமிருந்தவர்களும் ஒவ்வொருவராய்ப் போனார்கள். இப்போது சென்னகிருஷ்ணனுக்குப் பின்னால் ஒரே ஆள். ஒன்பது வயது மகள் மேக்னா, அவன் தோளில் கை வைத்தபடி.

"அப்பா, ஊட்டுக்குப் போலாம்ப்பா."

பலகையில் மிஞ்சிய பெரிய காய் ராணி மட்டும். அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடலாம். எழுந்தால் தோல்வி. தோற்றால் எல்லாமே அந்த ஆளுக்கு. ராணியைக் காப்பாற்றினால் போதும்.

பதற்றத்தில், கோணலாக நின்ற ராணியை விரல்கள் நேராக்கின. பழக்கதோஷம். தொடுமுன் "சரி பண்றேனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும்.

அவன் சொல்லவில்லை.

"தொட்டுப்போட்டீங்க."

"நேராத்தானுங்க வெச்சேன்..."

"தொட்டாச்சுங்க. நகர்த்துங்க."

எந்தக் கட்டத்துக்குப் போனாலும் வெட்டு. கடிகாரம் ஓடியது. ராணியை நகர்த்தினான். பாலுசாமி வெட்டினார்.

தோளிலிருந்த கை விலகியது.

"கண்ணு..."

திரும்பினான். யாருமில்லை.

எதிரே, பாலுசாமிக்குப் பின்னால், பிரகாசத்தின் பக்கத்தில் மேக்னா. இமைக்காத கண்கள். முகத்தில் அப்படி ஒரு வெறுப்பு.

"ஏனுங்க," என்று கூப்பிட்டாள், முன்பின் பார்த்திராத ஆளிடம் பேசுவதுபோல. "உங்க ஆட்டந்தானுங்க."